தோற்று இறங்கிய படை மறுபடி ஏறும் காட்சி: எது நம்ப வைக்கிறது?

திரைமாலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு படம் பார்த்து, பிறகு இரவு நெடுநேரம் பேசுவது வழக்கம். சென்ற மாதம் மெல் கிப்சன் இயக்கிய ‘ஹாக்சா ரிட்ஜ்’ (2016) திரையிட்டோம். 1945இல் ஒகினாவா தீவில் நடந்த சண்டையை வைத்து எடுக்கப்பட்ட படம் அது. துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்ற உறுதியோடு படையில் சேர்ந்த மருத்துவ உதவியாளர் டெஸ்மண்ட் டாஸ்தான் அதன் நாயகர்.

படம் பார்த்தவர்களுக்குக் காட்சி வரிசை நினைவிருக்கும். வீரர்கள் செங்குத்தான பாறையில் தொங்கும் வலையைப் பிடித்து மேலே ஏறுகிறார்கள். முதல் நாள் சிறிது முன்னேறுகிறார்கள். மறுநாள் காலையில் ஜப்பானியப் படை சுரங்கங்களிலிருந்து பெருகி வந்து அவர்களைப் பாறையின் விளிம்பு வரை துரத்தி, கீழே இறங்க வைக்கிறது. டாஸ் மட்டும் மேலேயே தங்கி, காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி இறக்குகிறார். அதன்பின் அதே படைப்பிரிவு மறுபடி ஏறுகிறது. ஏறுவதற்கு முன் அவர் ஜெபித்து முடிக்கும் வரை அத்தனை பேரும் காத்து நிற்கிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “நேற்று ஏறியவர்களைக் காட்டிலும் இன்று ஆட்கள் குறைவு, அதே பாறை, அதே சுரங்கம், அதே எதிரி. நேற்றுத் தோற்றவர்கள் இன்று எப்படி வென்றார்கள் என்று படம் எனக்குச் சொல்லவே இல்லை. இசைதான் வென்றது” என்றார். அவருக்கு எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. காட்சி என்னை உலுக்கியது உண்மை, அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்பதும் உண்மை.

ஆகவே இங்கே கேட்கிறேன். பின்வாங்குதல், மீண்டும் அணி சேர்தல், மறுமுயற்சி என்ற மூன்றில் முதலும் கடைசியும் எல்லாப் போர்ப்படங்களிலும் விரிவாக வருகின்றன. நடுவில் இருப்பது பெரும்பாலும் இரண்டு நிமிடப் பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. அந்த நடுப்பகுதியைப் பொறுப்போடு எடுத்த படங்கள் எவை? படப்பட்டியல் வேண்டாம், குறிப்பிட்ட ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது ஏன் உங்களை நம்ப வைத்தது அல்லது ஏன் நம்ப வைக்கவில்லை என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுவேன்.

பழைய காலாள்

ஐயா, நல்ல கேள்வி. காலாட்படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் ஆசிரியருக்கு முதலில் வரலாற்றிலிருந்து ஒரு பதில் சொல்லலாம். அந்த மலைமுகட்டின் உண்மையான பெயர் மயேதா. டாஸ் இருந்த 307ஆம் காலாட்படை ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் 1945 ஏப்ரல் கடைசியில் சுமார் 800 பேரோடு அங்கே சென்றது. மே 7ஆம் தேதி கீழே வந்தபோது 324 பேர் இருந்தார்கள். படம் காட்டுவது போல ஒரு தோல்வி, ஒரு வெற்றி என்று அது முடியவில்லை. ஏறுவதும் விரட்டப்படுவதும் மறுபடி ஏறுவதுமாகப் பல நாட்கள் கழிந்தன. கடற்படையிடமிருந்து வாங்கிய சரக்கு வலைகளையும் 50 அடி ஏணிகளையும் கட்டினார்கள். மேலே போய்ச் சுரங்க வாய்களை ஒவ்வொன்றாக வெடிவைத்து மூடினார்கள். மே 5 சனிக்கிழமை, டாஸின் சமய வழக்கப்படி ஓய்வுநாள். அன்றுதான் அவர் சுமார் 75 பேரை இறக்கினார். படைத்தரப்பு 100 என்றது, அவர் 50க்கு மேல் இருக்காது என்றார், நடுவில் 75 என்று முடிவானது. அவர் காயம்பட்டது அதற்கு இரண்டு வாரத்துக்குப் பின், மே 21ஆம் தேதி, வேறோர் இடத்தில் நடந்த இரவுத் தாக்குதலில். படம் இவை அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. ஆசிரியர் கேட்ட “எப்படி” என்ற கேள்விக்கான விடை அந்தச் சேர்ப்பில்தான் காணாமற்போனது. ஏணியும் வலையும் வெடிமருந்தும் பத்து நாள் பொறுமையும்தான் அந்த விடை.

இனி நீங்கள் கேட்ட நடுப்பகுதிக்கு வருகிறேன். பின்வாங்கி வந்த படை முதலில் செய்யும் காரியம் எண்ணுவது. எந்தத் தளபதியின் உரையும் அதற்குப் பிறகுதான். யார் இருக்கிறார்கள், யார் இல்லை, இருப்பவர்களில் யாரால் நடக்க முடியும், ஆளுக்கு எத்தனை தோட்டா மிச்சம், வயர்லெஸ் வேலை செய்கிறதா, தண்ணீர் எவ்வளவு. இறந்தவரிடமும் காயம்பட்டவரிடமும் இருந்த மேகசின்களை, அதாவது தோட்டாக் கூடுகளை, எடுத்து இருப்பவர்களுக்குப் பங்கிட வேண்டும். சிறு குழுவின் தலைவரான செக்ஷன் கமாண்டர் விழுந்திருந்தால் அடுத்தவர் யார் என்று அந்த இடத்திலேயே சொல்லியாக வேண்டும். இதையெல்லாம் செய்து முடிக்கும்போது, நடுங்கிக்கொண்டிருந்த கைகளுக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. ஒரு மனிதன் மறுபடி மனிதனாவது அந்த வேலையில்தான் என்பது என் அனுபவம்.

நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலத்தில் ஒரு இரவுப் பயிற்சி. ஒரு குன்றைப் பிடிக்க வேண்டும். எங்கள் பிளட்டூன் பாதி வழியில் கண்டுபிடிக்கப்பட்டு, தோற்றதாக அறிவிக்கப்பட்டு, கீழே அனுப்பப்பட்டது. இருட்டில் விளக்குப் போடக் கூடாது என்பதால் ஹவில்தார் ஒருவர் எங்களை வரிசையாகக் குந்த வைத்து, அவரவர் எண்ணைத் தாழ்ந்த குரலில் சொல்லச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்துகொண்டிருந்தது. ஏழுக்குப் பிறகு எட்டு வரவில்லை. வெறும் பயிற்சிதான், சுட்டது வெற்றுத் தோட்டாதான், ஆனாலும் அந்த ஒரு நொடியில் என் அடிவயிறு சில்லிட்டது. கணுக்கால் சுளுக்கி ஒரு முட்புதரடியில் அவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் போய்த் தூக்கி வந்தார்கள். ஹவில்தார் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வைத்தார். எட்டு என்ற குரல் வந்ததும் வரிசை முழுவதும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. விடிவதற்கு முன் முகட்டு வழியை விட்டுவிட்டு ஓடைப்பள்ளம் வழியாக ஏறினோம்.

ஒரு போர்ப்படத்தில் இப்படி எண்ணும் காட்சி வந்தால் நான் அந்த இயக்குநரை நம்பிவிடுவேன். வராவிட்டால், பின்னால் எத்தனை பெரிய முழக்கம் வந்தாலும் எனக்கு ஒட்டுவதில்லை.

நெடுநிலா

‘தி தின் ரெட் லைன்’ (1998) படத்தின் நடுப்பகுதி முழுவதுமே இந்தக் கேள்விக்காக எடுக்கப்பட்டது போல இருக்கும். இயக்கம் டெரன்ஸ் மாலிக். களம் 1942-43இல் குவாடல்கனால் தீவு. புல் அடர்ந்த ஒரு குன்றின் மேல் ஜப்பானியர்களின் எந்திரத் துப்பாக்கிப் பங்கர் (பதுங்கு அரண்) இருக்கிறது; கீழேயிருந்து நேராக ஏறிப் பிடிக்கச் சொல்லி உத்தரவு. முதலில் அனுப்பப்படும் இருவரும் எழுந்து நடந்த சில நொடிகளில் புல்லுக்குள் விழுந்துவிடுகிறார்கள். யார் சுட்டது, எங்கிருந்து சுட்டது என்று நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அதன்பின் பெரும் தாக்குதல், பெரும் சேதம். மிஞ்சியவர்கள் சரிவில் முகம் புதைத்துக் கிடக்கிறார்கள்.

அந்த இடத்தில் கேப்டன் ஸ்டாரோஸ் களத் தொலைபேசியில் கர்னல் டாலிடம் பேசுகிறார். நேர்த்தாக்குதலைத் தொடரச் சொல்கிறார் கர்னல். வலப்பக்கக் காட்டு வழியாகச் சுற்றிப் போக அனுமதி கேட்கிறார் கேப்டன். மறுக்கப்படுகிறது. இந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிய மாட்டேன் என்கிறார் அவர். பக்கத்தில் சாட்சிகள் இருப்பதையும் சொல்லிவைக்கிறார். கர்னலாக நடித்த நிக் நோல்டியின் கழுத்து நரம்புகள் புடைக்கும் அந்தக் காட்சியைப் பலரும் அதிகாரத்துக்கும் மனசாட்சிக்குமான மோதலாகவே பேசுவார்கள். எனக்கோ அது வேறொன்றாகவும் படுகிறது. ஒருவர் “இப்படி வேண்டாம்” என்று சொன்னதால் கிடைத்த சில மணி நேரம்தான் அந்தப் படையின் அணிசேர்ப்பு. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கர்னல் தானே மேலே வருகிறார். பெல் என்ற வீரர் தனியாக ஊர்ந்து போய்ப் பங்கர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறார். ஒரு பெரிய கூட்டம் நேராக ஓடியதற்குப் பதிலாக, கேப்டன் காப் தலைமையில் தாமாக முன்வந்த சிறு குழு பக்கவாட்டில் பதுங்கிச் செல்கிறது. பீரங்கிக்கு இலக்குச் சொல்ல வயர்லெஸ் உடன் போகிறது. முதல் முயற்சியில் இல்லாத மூன்று விஷயங்கள் இரண்டாவதில் இருக்கின்றன. இலக்கு கண்ணுக்குத் தெரிகிறது, வழி வேறாக இருக்கிறது, போகிறவர்கள் விருப்பத்தோடு போகிறார்கள். இம்முறை பங்கர் விழும்போது நமக்கு வியப்பு வருவதில்லை, நிம்மதிதான் வருகிறது.

இதில் மாலிக்கின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். வெற்றிக்கு யார் காரணம் என்று அவர் சுலபமாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஸ்டாரோஸ் மறுத்திராவிட்டால் அந்தக் கம்பெனி அன்றே அழிந்திருக்கும். ஆனால் சிறு குழுவை அனுப்பி மறுமுயற்சியைத் தள்ளி நடத்தியது, நம்மை அருவருக்க வைத்த அந்தக் கர்னல்தான். தண்ணீர் இல்லாமல் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள் என்று காப் முறையிடும்போதும் அவர் முன்னேறவே சொல்கிறார். முடிவில் ஸ்டாரோஸ் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்படுகிறார். அவர் காப்பாற்றிய வீரர்கள் வந்து நன்றி சொல்கிறார்கள். இரண்டு பேருமே தேவைப்பட்டார்கள் என்பதை ஏற்றுக்கொள்வது எனக்கு இன்றும் கடினமாகவே இருக்கிறது.

திரைமாலை அவர்களே, உங்கள் ஆசிரியர் இந்தப் படத்தைப் பார்த்தால் “எப்படி” என்று கேட்க மாட்டார் என்று நம்புகிறேன். வேறு கேள்விகள் கேட்பார்.

உறையூர்க்காரன்

இந்தி ‘லக்‌ஷ்யா’ (2004) படத்தைப் பற்றிச் சுருக்கமாக. கார்கில் பின்னணியில் செங்குத்துப் பாறையில் ஏறும் பகுதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமான பின்வாங்கல் படத்தின் முன்பாதியில் இருக்கிறது. நாயகன் ராணுவப் பயிற்சிக் கழகத்தின் கண்டிப்பைத் தாங்க முடியாமல் வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிறான். அங்கே அவனை யாரும் அடிப்பதில்லை, திட்டுவதும் பெரிதாக இல்லை. இவன் இப்படித்தான் வருவான் என்று எதிர்பார்த்திருந்த முகங்கள்தான் இருக்கின்றன. அவன் காதலிக்கும் பெண் இந்தக் காரணத்துக்காகவே விலகிப் போகிறாள். அவன் மறுபடி அதே வாசலுக்குப் போய் நிற்கிறான். பின்னால் பாறையடியில் பாதி ஆட்களை இழந்து நிற்கும்போது அவன் திரும்பாமல் இருப்பதை அந்த முதல் ஓட்டம்தான் நம்ப வைக்கிறது. ஒருமுறை ஓடியவனுக்குத்தான் ஓடுவதன் விலை தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படங்கள் அதிகம் காட்டாதது அது. எங்கள் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் 1999 மே 29ஆம் தேதி படாலிக் பகுதியில் எதிரியின் நிலையைத் தாக்கும்போது வீழ்ந்தார். அவருடைய உடல் ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த மலையிலேயே பனியில் கிடந்தது. ஜூலையில்தான் மீட்க முடிந்தது. பின்வாங்குவது என்றால் சில சமயம் தோழனின் உடலை அங்கேயே விட்டுவிட்டு இறங்குவது. மறுபடி ஏறுகிறவர்களுக்கு மேலே இருப்பது எதிரி மட்டும் இல்லை. இந்த எண்ணத்தோடு ஒரு படை காத்திருக்கும் அந்த ஒரு மாதத்தை யாராவது எடுக்க வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாக ஆசைப்படுகிறேன்.

வயல்வெளி

மேலே உள்ள பதிவுகளை மதிப்போடு படித்தேன். ஆனாலும் ஒரு மறுப்பை வைக்க விரும்புகிறேன். மறுமுயற்சி என்றாலே அது உயர்ந்தது என்ற எண்ணம் இந்த விவாதத்தின் அடியில் ஓடுவதாக எனக்குத் தோன்றுகிறது.

‘ஹாம்பர்கர் ஹில்’ (1987) பாருங்கள். ஜான் இர்வின் இயக்கிய படம். வியட்நாமில் 1969 மே 10 முதல் 20 வரை, 937ஆம் குன்று என்று ராணுவ வரைபடம் குறித்த ஒரு மலைக்காக நடந்த சண்டை. அமெரிக்காவின் 101ஆம் வான்வழிப் பிரிவைச் சேர்ந்த வீரர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். படத்தில் எத்தனையாவது முறை என்ற கணக்கே நமக்குத் தப்பிவிடுகிறது. அங்கே அணிசேர்ப்பு இருக்கிறது, தோட்டா பங்கிடுவதும் இருக்கிறது, புதிதாக வந்த பையன்களுக்குப் பழையவர்கள் பல் தேய்க்கும் முறை வரை சொல்லிக்கொடுக்கிறார்கள். மாற்றம் மட்டும் இல்லை. அதே சரிவு, அதே நேர்வழி. ஒரு தாக்குதலின்போது மழை கொட்டுகிறது. உச்சிக்கு அருகே வரை போனவர்கள் சேற்றில் காலூன்ற முடியாமல் வேர்களையும் ஒருவரை ஒருவரையும் பற்றிக்கொண்டு, பற்றியதெல்லாம் கையோடு வர, முழுச் சரிவையும் வழுக்கிக்கொண்டே கீழே வருகிறார்கள். எதிரி விரட்டாமலேயே மண்ணே அவர்களைப் பின்வாங்க வைக்கிறது. போர்ப்படங்களில் நான் பார்த்த மிகக் கொடிய பின்வாங்கல் அதுதான். அதில் ஓடுவதற்குக்கூட யாருக்கும் வாய்ப்பில்லை.

கடைசியில் மலையைப் பிடிக்கிறார்கள். ஜூன் தொடக்கத்தில் அமெரிக்கப் படை அந்த மலையைக் கைவிட்டு வெளியேறியது என்பது வரலாறு. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது ஒவ்வொரு மறுமுயற்சியும் நெஞ்சில் கல்லாக விழுகிறது. ஆகவே எனக்கு “எப்படி வென்றார்கள்” என்பதைக் காட்டிலும் “எதற்காக மறுபடி ஏறினார்கள்” என்ற கேள்வியே பெரிது. அதைக் கேட்காத படத்தில் எண்ணும் காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

பழைய காலாள்

வயல்வெளி அவர்களே, தாங்கள் சொன்னது சரி. அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். எதற்காக என்ற கேள்வி ஏறுகிறவனிடம் இருக்கிறது, விடை அவனிடம் இருப்பதில்லை. ஏற வைக்கிறவர்கள் சொல்ல வேண்டிய விடை அது. கீழே நிற்பவன் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: நேற்றுச் செய்ததையே இன்றும் செய்யச் சொல்கிறீர்களா? அதற்கு “இல்லை” என்று பதில் கிடைத்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

கார்கிலில் தோலோலிங் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 மே மாதப் பிற்பகுதியிலிருந்து இந்தியப் படையின் 18ஆம் கிரெனேடியர்ஸ் பட்டாலியன் பலமுறை ஏறி, அதிகாரிகளையும் வீரர்களையும் இழந்து, உச்சியை எட்ட முடியாமல் நின்றது. ஆனால் அடிவாரத்துக்கு இறங்கிவிடவில்லை. பிடித்த அளவைப் பிடித்தபடி சரிவிலேயே பாறைகளுக்கு இடையில் கிடந்தார்கள். ஜூன் 12-13 இரவில் 2ஆம் ராஜபுதன ரைஃபிள்ஸ் என்ற இன்னொரு பட்டாலியன் ஏறியபோது, முன்னவர்கள் உயிர்கொடுத்துப் பிடித்து வைத்திருந்த அந்த இடங்கள் அவர்களுக்குப் படிக்கட்டாக இருந்தன. போபர்ஸ் பீரங்கிகள் உச்சியை இடைவிடாமல் தாக்கின. தோற்றவர்கள், வென்றவர்கள் என்று இதில் எப்படிப் பிரிப்பது? திரைப்படங்களில் உச்சியில் கொடி நடும் கைகளைத்தான் அருகில் காட்டுகிறார்கள். இரண்டு வாரம் பாறையிடுக்கில் படுத்திருந்தவர்களின் வெடித்த உதடுகளையும் காட்ட வேண்டும்.

சுருதிப்பெட்டி

நான் ஒலிக்கலவைத் தொழிலில் இருப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு.

கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கர்க்’ (2017) முழுக்க முழுக்கப் பின்வாங்கல்தான். மறுமுயற்சி படத்துக்குள் இல்லை. பிரான்சின் டன்கர்க் கரையில் ஜெர்மானியரிடம் சிக்கியிருந்த பிரிட்டிஷ், நேச நாட்டு வீரர்கள் 3,38,000க்கும் மேற்பட்டோர் 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை கடல் வழியாக மீட்கப்பட்டார்கள். பீரங்கிகளும் வாகனங்களும் ஏறக்குறைய மொத்தமாகப் பிரான்சிலேயே விடப்பட்டன. இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மர் இந்தப் படத்துக்குக் கடிகார முள்ளின் ஓசையை அடித்தளமாக வைத்தார். இயக்குநரே தம் கைக்கடிகாரத்தின் ஓசையைப் பதிவு செய்து கொடுத்தார். ஸ்தாயி ஏறிக்கொண்டே போவது போலவும், ஆனால் எங்கேயும் போய்ச் சேராதது போலவும் காதை ஏமாற்றும் ஓர் உத்தியும் கூடவே ஓடுகிறது. நூறு நிமிடம் நம் தோள்பட்டை இறுகியே இருக்கும். அந்த டிக்டிக் ஓசை, பையன்கள் இங்கிலாந்து திரும்பி ரயிலில் ஏறித் தூங்கும்போதுதான் நிற்கிறது. நின்ற பிறகுதான் இத்தனை நேரம் அது ஒலித்துக்கொண்டிருந்ததே நமக்குத் தெரிகிறது. அணிசேர்ப்பு என்று நீங்கள் கேட்டதற்கு என் செவி சொல்லும் விடை அந்த ஓசையின்மைதான். உடம்பு முதலில் தூங்க வேண்டும்.

கரையில் இறங்குகிறவர்களுக்குப் போர்வை கொடுத்துக்கொண்டே பார்வையற்ற முதியவர் ஒருவர் பாராட்டுகிறார். உயிர் பிழைத்தோம், அவ்வளவுதானே செய்தோம் என்கிறான் ஒரு வீரன். அது போதும் என்கிறார் அவர். அவன் அதை நம்புவதில்லை. ஊர்மக்கள் காறித் துப்புவார்கள் என்று எண்ணி ரயில் ஜன்னலை ஏறிட்டுப் பார்க்கவே அஞ்சுகிறான். அவர்களோ ஜன்னல் வழியாகப் பீர் பாட்டில்களை நீட்டுகிறார்கள். வெளியேற்றங்களால் போர்கள் வெல்லப்படுவதில்லை என்று எச்சரித்த சர்ச்சிலின் உரையை இன்னொரு பையன் செய்தித்தாளிலிருந்து தட்டுத்தடுமாறிப் படிக்கிறான். நாடாளுமன்றத்தில் கம்பீரமாக முழங்கியிருக்கக்கூடிய சொற்கள், களைத்த ஒரு பையனின் தொண்டையில் கரகரத்து வருகின்றன. மறுமுயற்சிக்கான அழைப்பை இதைவிட அடக்கமாக ஒலிப்பதிவு செய்ய முடியாது.

பிரான்சுக்குத் திரும்பிப் போவது அவ்வளவு எளிதாகவும் நடக்கவில்லை. 1942 ஆகஸ்ட் 19இல் அந்நாட்டின் டியெப் துறைமுகத்தில் இறங்கிப் பார்த்தார்கள். இறங்கியவர்களில் பெரும்பாலோர் கனடா நாட்டவர், சில மணி நேரத்தில் அவர்களில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். துறைமுகம் ஒன்றை நேராகத் தாக்கிப் பிடிப்பது எத்தனை கடினம் என்று அங்கே கற்றுக்கொண்டவர்கள், 1944 ஜூனில் நார்மண்டிக்குப் போனபோது துறைமுகத்தையே துண்டுதுண்டாகச் செய்து கடலில் இழுத்துச் சென்றார்கள். பழைய காலாள் ஐயா சொன்ன ஏணியும் வலையும் போலத்தான் இதுவும்.

திரைமாலை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதிவுகளை அச்சிட்டு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்து முழுவதையும் படித்தார். மயேதாவின் ஏணிகளைப் பற்றிய வரியில் பென்சிலால் கோடு போட்டார்.

பிறகு ஒரு குறளை எடுத்தார். ஊக்கமுடையவன் ஒடுங்கியிருப்பது, சண்டைக்கு நிற்கும் ஆட்டுக்கிடா பாய்வதற்காகப் பின்னால் நகர்வதைப் போன்றது என்று வள்ளுவர் சொல்லும் குறள் அது. எனக்கும் அது தெரிந்த குறள்தான். ஆனால் அவர் காட்டிய ஒன்றை நான் இதுவரை கவனித்ததில்லை. படைச்செருக்கு என்று தனி அதிகாரமே இருக்கிறதே, அதில் இந்தக் குறளை வைக்காமல் காலமறிதலில் வைத்திருக்கிறார் பாருங்கள் என்றார். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேர மன்னனைப் பாடிய மரபு நம்முடையது. அந்த மரபுக்குள் இருந்துகொண்டே, பின்னால் வைக்கும் அடியை ஒருவர் வெட்கம் என்று பார்க்காமல் நேரம் பார்ப்பதாகப் பார்த்திருக்கிறார். கிடா பின்னால் போகும்போது எதிரியை விட்டுக் கண்ணை எடுக்காது என்று சிறுவயதில் ஊரில் பார்த்ததையும் ஆசிரியர் சேர்த்துச் சொன்னார்.

வயல்வெளி அவர்களின் கேள்விக்கு அவரும் விடை சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துத் தனியாக வைத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு முழுப்படம் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ‘தி தின் ரெட் லைன்’ படத்தில் தொலைபேசிக் காட்சியிலிருந்து பங்கர் விழும் வரை, ‘ஹாம்பர்கர் ஹில்’ படத்தின் சேற்றுச் சரிவு, கடைசியாக ‘டன்கர்க்’ ரயில். சுருதிப்பெட்டி அவர்கள் சொன்ன ஓசை நிற்கும் இடம் எங்கள் பழைய ஒலிபெருக்கியில் கேட்குமா என்று நேற்று இரவு நானும் நண்பர் ஒருவரும் சோதித்துப் பார்த்தோம். கூடத்து மின்விசிறியை நிறுத்திய பிறகு கேட்டது. கூட்டத்தன்றும் அந்த இரண்டு நிமிடம் விசிறியை நிறுத்திவிடுவோம்.

பழைய காலாள்

மகிழ்ச்சி, ஐயா. காட்சிகள் முடிந்து விளக்குப் போடுவதற்கு முன், வந்திருப்பவர்களை இருட்டிலேயே ஒன்றிலிருந்து எண் சொல்ல வைத்துப் பாருங்கள். யாராவது ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் எண் வரும்போது பேசாமல் இருக்கச் செய்யுங்கள்.